ஈத்தாமொழி கோகோபித், ரோட்டர்டாம்ல நின்ன 2 கன்டெய்னர்: ஒரு கேஸ முழுசா எழுதுகேன்

2023 மே 23ஆம் தேதி காலைல நான் வடசேரியில டீ குடிச்சிட்டு நிக்கும்போது ஈத்தாமொழியில தும்பு (தேங்காய் நாரு) ஆலை வச்சிருக்க அண்ணன் போன் பண்ணுனாரு. "மக்கா, ஹாலந்துல இருந்து மெயில் வந்திருக்கு, பேலட்டு மரத்துல முத்திரை இல்லையாம், பெட்டிய வெளிய விடமாட்டாவளாம், நீ இப்பமே வா"ன்னாரு. குரல்லயே தெரிஞ்சுது அவரு ராத்திரி தூங்கலன்னு. பேலட்டுன்னா சரக்க அடுக்குற மரத் தட்டு, பெட்டின்னா கன்டெய்னர். நான் நாகர்கோவில்ல எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் வேலை பாக்கேன், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில்லுக்கு (கஸ்டம்சுக்கு குடுக்கிற ஏத்துமதி பேப்பரு) வேண்டிய விவரம், பேங்குக்கு குடுக்கிற செட்டு எல்லாம் தயார் பண்ணி குடுப்பேன். அந்த ஷிப்மெண்டுக்கும் பேப்பர் போட்டது நான்தான், அதனால இதுல எனக்கும் பங்கு உண்டு, அது என்னன்னு கீழ சொல்லுகேன்.

அண்ணன் எழுதச் சொல்லிட்டாரு, பேரு மட்டும் வேண்டாம்னாரு. வாங்குனவங்க பேரும் கப்பல் லைன் பேரும் போடல. நம்ம மாவட்டத்துல தும்பு ஆலை வச்சிருக்கவங்க நெறய பேரு இப்ப நேரடியா எக்ஸ்போர்ட் பண்ண இறங்குறாங்க, அவங்களுக்கு இந்த கேஸ் உபயோகப்படும்னு நம்புகேன்.

மொதல்ல யாவாரம் என்னன்னு சொல்லிடுகேன். கதம்பைய, அதாவது தேங்கா மட்டைய அடிச்சி தும்பு எடுத்த பெறவு மிஞ்சுற சோறு (நார்த் தூளு) இருக்குல்லா, ஒரு காலத்துல ஆலைக்கு வெளிய மலை மாதிரி குமிஞ்சி கெடக்கும், மழை பெஞ்சா தண்ணி செவப்பா ஓடும், பக்கத்து வயக்காரன் சண்டைக்கு வருவான். அதைத்தான் இப்ப கழுவி, களத்துல காயவச்சி, சலிச்சி, மெஷின்ல அமுக்கி 5 கிலோ கட்டியா ஆக்கி கோகோபித்னு விக்கிறோம். செங்கல் மாதிரி கெட்டியா இருக்கும், தண்ணியில போட்டா 70 லிட்டர் கிட்ட பொங்கி வரும். ஐரோப்பாவுல தக்காளி, ஸ்ட்ராபெரி எல்லாம் இதுல வளக்கிறாங்க.

அண்ணன் அதுவரைக்கும் தூத்துக்குடியில இருக்க ஒரு எக்ஸ்போர்ட்டருக்குத்தான் சரக்கு குடுத்துட்டு இருந்தாரு. 2022ல சொந்தமா ஐ.இ.சி (ஏத்துமதி எறக்குமதி கோடு நம்பர்) எடுத்தாரு, வெளிநாட்டு வர்த்தகச் சட்டம் 1992ல 7ஆவது பிரிவு அந்த நம்பர் இல்லாம ஏத்துமதியும் கூடாது எறக்குமதியும் கூடாதுங்குது. காயர் போர்டுல பதிவு, பேங்குல ஏ.டி கோடு (எந்தப் பேங்கு வழியா பணம் வரும்னு கஸ்டம்சுக்கு காட்டுற நம்பர்), ஜி.எஸ்.டிக்கு எல்.யு.டி (வரி கட்டாம ஏத்துமதி பண்ண குடுக்கிற உறுதிக் கடிதம்) எல்லாம் முறையா செஞ்சாரு. இது அவரோட 3ஆவது ஷிப்மெண்ட்.

ஆர்டர் இதுதான்: 40 அடி ஹைகியூப் கன்டெய்னர் 2, ஒவ்வொண்ணுலயும் 20 பேலட்டு, பேலட்டுக்கு 240 கட்டி, ஆக மொத்தம் 48 டன். விலை டன்னுக்கு 230 டாலர், எஃப்.ஓ.பி தூத்துக்குடி (அங்க கப்பல்ல ஏத்துற வரைக்கும் செலவு நம்மது), மொத்தம் 11,040 டாலர். 30 சதவீதம், அதாவது 3,312 டாலர் அட்வான்சா வந்தாச்சு, மிச்சம் 7,728 டாலர் டி.பி முறையில, பேங்கு வழியா பேப்பர் போகும், பணம் கட்டுனா பேப்பர் கைக்கு கிடைக்கும். ஒப்பந்தம்னு தனியா ஒண்ணும் கெடையாது. ஒரு பக்க ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டி குடுக்கிற விலைப் பேப்பரு), அதுக்கு ஒரு மெயில் ஓகே, மிச்சம் எல்லாம் வாட்சப். அந்த ஒரு பக்கத்துல சரக்கு விவரத்துல "ஈ.சி (உப்பு அளவு) 0.5க்கு கீழ, ட்ரீட் பண்ணுன பேலட்டுல"ன்னு எழுதியிருந்துச்சு. பிரச்சனை வந்தா எந்த நாட்டுச் சட்டம், ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் தீர்ப்பு) எங்கன்னு ஒரு வரி கூட கெடையாது.

கப்பல் ஏப்ரல் 12ஆம் தேதி கெளம்புச்சு, மே 18 ரோட்டர்டாம் போய் சேந்துச்சு.

மொதல் அடி: 8 பேலட்டு

மரப்பெட்டி, பேலட்டு இதெல்லாம் நாடு விட்டு நாடு போகும்போது அதுக்குள்ள பூச்சியும் புழுவும் சேந்து போகுதுன்னு 2002ல கொண்டு வந்த விதிதான் ஐ.எஸ்.பி.எம் 15. மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் இருக்கணும், இல்ல மெத்தில் புரோமைடு புகை போடணும். செஞ்சதுக்கு அடையாளமா கோதுமைக் கதிர் படம், நாட்டு எழுத்து, செஞ்ச நிலையத்தோட நம்பர், சூட்டுக்கு ஹெச்.டி, புகைக்கு எம்.பின்னு முத்திரை. இந்த முத்திரைய எவனும் அடிச்சிட முடியாது, பயிர் பாதுகாப்புத் துறை அங்கீகாரம் குடுத்த நிலையம் மட்டும்தான் அடிக்கலாம். மரத்தோட பட்டையும் உரிச்சிருக்கணும். கோகோபித்துக்கு, அதாவது புது தேங்காய் நாருக்கு, ஐரோப்பாவுல பயிர் சுகாதார சர்டிபிகேட்டு கேக்க மாட்டாங்க, அதனால அண்ணன் "நம்ம சரக்குக்கு குவாரன்டைன் தொல்லை இல்ல"ன்னு நெனச்சிட்டாரு. சரக்குக்கு இல்லதான், ஆனா சரக்கு உக்காந்திருக்க மரத்துக்கு உண்டே.

40 பேலட்டுக்கு ஆர்டர் குடுத்ததுல ட்ரீட்மெண்ட் நிலையத்துல இருந்து 32தான் வந்துச்சு. மிச்சம் நாளைக்குன்னாங்க. லாரி வந்து நிக்குது, கட் ஆஃப் (துறைமுகத்துல பெட்டிய ஒப்படைக்கிற கெடு) மறுநாள் மத்தியானம். ராத்திரி 8 மணிக்கு பக்கத்து ஆசாரியக் கூப்பிட்டு, குலசேகரம் பக்கத்துல இருந்து வந்த ரப்பர் மரப் பலகை கெடந்துச்சு, அதுலயே 8 பேலட்டு அடிச்சி ரெண்டாவது பெட்டியில கடைசியா, கதவுப் பக்கமா ஏத்திட்டாங்க. ரப்பர் மரம் மருந்துல முக்கினதுதான, அது போதும்னு நெனச்சாங்க. பலகைக்கு மருந்து வைக்கிறது வேற, முத்திரை உள்ள ட்ரீட்மெண்ட் வேற. அங்க இன்ஸ்பெக்டர் கதவத் தெறந்ததும் மொத பார்வையில பட்டதே அந்த 8தான், அதுல ஒண்ணுல விரல் நீளத்துக்கு பட்டை ஒட்டிக்கிட்டு இருந்த போட்டோவும் மெயில்ல வச்சிருந்தாங்க.

இப்ப என்னோட பங்கு. அன்னைக்கு ராத்திரி நான் போன்ல "அண்ணே, பேலட்டு எல்லாம் சரிதான?"ன்னு கேட்டேன், "எல்லாம் சரி மக்கா"ன்னாரு, நான் பேக்கிங் லிஸ்டுல "40 பேலட்டும் ஐ.எஸ்.பி.எம் 15 முத்திரை உள்ளவை"ன்னு டைப் பண்ணிட்டேன். ஒரு போட்டோ கேட்டிருக்கலாம். கேக்கல. அந்த வரி பொய்னு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ஆனா அதுக்கு அடியில கையெழுத்து அண்ணனோடது. கஸ்டம்ஸ் சட்டம் 1962, 50ஆவது பிரிவு ஷிப்பிங் பில்லுல சொல்ற விவரம் துல்லியமா, உண்மையா, முழுசா இருக்கிறத ஏத்துமதி பண்றவரே உறுதி பண்ணணும்னு சொல்லுது. தெரிஞ்சே பொய்யான பேப்பர் குடுத்தா 114ஏஏ பிரிவுல சரக்கு மதிப்புல 5 மடங்கு வரைக்கும் அபராதம் வரலாம். நமக்கு அது வரல, ஏன்னா தெரிஞ்சே செஞ்சது இல்ல. ஆனா "ஏஜென்ட்டு போட்டான், டைப்பிஸ்ட்டு போட்டான்"னு சொல்லி தப்பிக்க எடம் இல்ல, 147ஆவது பிரிவுப்படி ஏஜென்ட்டு செஞ்சதும் சரக்குக்காரர் செஞ்சதாத்தான் எடுத்துக்கிடுவாங்க. இத நான் 15 வருஷமா அடுத்தவங்களுக்கு சொல்லிக்கிட்டு இருக்கேன், அன்னைக்கு நானே ஒரு போட்டோ கேக்காம விட்டுட்டேன், அது இப்பவும் உறுத்துது.

அங்க அதிகாரிங்க செஞ்சது சரியான வேலைதான். 3 வழி குடுத்தாங்க: திருப்பி அனுப்பு, அழிச்சிடு, இல்லன்னா அவங்க கண்காணிப்புல சரக்க வேற பேலட்டுக்கு மாத்திட்டு அந்த மரத்த எரிச்சிடு. செலவு நம்ம தலையில. 3ஆவதத்தான் எடுத்தோம்.

ரெண்டாவது அடி: ஒரே சோறு, ரெண்டு நம்பர்

பேலட்டு பிரச்சனை ஓடிட்டு இருக்கும்போதே வாங்குறவரோட ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பு வேலை பாக்குற ஏஜென்ட்டு) "இன்ஸ்பெக்ஷன் ஷெட்டுலயே 2 கட்டி சாம்பிள் எடுத்துக்கிடவா"ன்னு வாட்சப்புல கேட்டாரு, அண்ணன் தம்ஸ் அப் போட்டுட்டாரு. மே 29ஆம் தேதி லேப் ரிப்போர்ட்டு வந்துச்சு: ஈ.சி 1.3. "நீங்க 0.5க்கு கீழன்னு சொன்னீங்க, நாங்க பேப்பர் எடுக்க மாட்டோம், அட்வான்ச திருப்பித் தாங்க"ன்னு கூடவே மெயில்.

ஈ.சிங்குறது சோத்துல உப்பு எவ்வளவு இருக்குன்னு காட்டுற அளவு. உப்பு கூடுனா நாத்து கருகிடும், அதனால வாங்குறவன் மொதல்ல பாக்குறதே அதத்தான். அண்ணன் ஆலையில மீட்டர் இருக்கு, ஒவ்வொரு லாட்டுக்கும் நோட்டுல எழுதி வச்சிருக்காரு, அந்த லாட்டுக்கு 0.45. அவரு பொய் சொல்ற ஆளு இல்ல. அப்ப எங்க இடிக்குது? நான் அன்னைக்கு சாயங்காலம் ஆலைக்குப் போனேன், நல்லவேளை அதே லாட்டுல 4 கட்டி தனியா எடுத்து வச்சிருந்தாங்க. ஒண்ண ஒடச்சி ஊறவச்சி ரெண்டு கிளாசுல போட்டோம். மொத கிளாசுல ஒரு பங்கு சோறு, 5 பங்கு நல்ல தண்ணி, அவரு எப்பவும் செய்யுற மாதிரி. கலக்கி, வச்சி, வடிகட்டி மீட்டர விட்டா 0.44. ரெண்டாவது கிளாசுல ஒரு பங்கு சோறு, ஒண்ணரை பங்கு தண்ணி. மீட்டர் மெதுவா ஏறி ஏறி 1.27ல போய் நின்னுச்சு. அண்ணன் அந்த ரெண்டு கிளாசையும் மாத்தி மாத்தி பாத்துட்டு ஒண்ணுமே பேசல. பெறவு, "அப்ப நானும் சரி, அவனும் சரியா?"ன்னு கேட்டாரு.

அதுதான் விஷயம். ஹாலந்துல 1க்கு 1.5ங்குற முறையிலதான் பாப்பாங்க, நம்ம ஊர்ல 1க்கு 5. தண்ணி கூடுனா உப்பு நீத்துப்போயி நம்பர் கொறயும். ப்ரோஃபார்மாவுல 0.5ன்னு நம்பர் இருக்கு, எந்த முறைன்னு இல்ல.

இன்னொண்ணும் இருக்கு, அதையும் மறைக்கப்படாது. நல்லா கழுவுன சோறுன்னா 1க்கு 1.5லயே 0.5க்கு கீழ கொண்டு வரலாம், பலரு கொண்டு வாறாங்க. அண்ணன் ஆலை கடலுக்கு பக்கம், மார்ச் ஏப்ரல்ல போர் தண்ணி கரிக்கும், அந்தத் தண்ணியிலயே கழுவுனா உப்பு எங்க போகும்? கழுவுற தண்ணியில மீட்டர விட்டுப் பாக்கணும்னு அதுவரைக்கும் யாருக்கும் தோணல. விட்டுப் பாத்தோம், தண்ணியே 1.1 காட்டுச்சு.

சரி, சட்டப்படி யாரு பக்கம்? மொதல்ல எந்த நாட்டுச் சட்டம்னு பாக்கணும். சர்வதேச சரக்கு விற்பனைக்குன்னு ஐ.நா ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, 1980ல போட்டது, நெதர்லாந்து அதுல இருக்கு, இந்தியா இல்ல. ஒப்பந்தத்துல எந்தச் சட்டம்னு எழுதலன்னா ஐரோப்பிய விதிப்படியே விக்கிறவரு இருக்கிற நாட்டுச் சட்டம்தான் பொதுவா பொருந்தும். அப்படிப் பாத்தா நம்ம 1930ஆம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம். அதுல 15ஆவது பிரிவு, விவரம் சொல்லி வித்த சரக்கு அந்த விவரத்துக்கு ஒத்து இருக்கணும்ங்குது, ஈ.சி 0.5ங்குறது விவரம்தான். 41ஆவது பிரிவு, வாங்குறவருக்கு சரக்க சோதிச்சுப் பாக்க நியாயமான வாய்ப்பு கெடைக்குற வரைக்கும் ஏத்துக்கிட்டதா ஆகாதுங்குது. ஆக அவரு சோதிச்சதும் தப்பில்ல, சொன்ன நேரமும் ரொம்ப லேட்டுன்னு சொல்ல முடியாது.

ஆனா அவருக்கும் கடமை இருந்துச்சுல்லா. டி.பின்னு ஒத்துக்கிட்டா பேப்பர் சரியா இருந்தா பணத்தக் கட்டணும், சரக்குல குறை இருந்தா அதுக்கு தனியா நஷ்டம் கேக்கணும். வேற சோதனை முறை வேணும்னா ஆர்டர் குடுக்கும்போதே சொல்லணும். சாம்பிள ரெண்டு தரப்பும் சேந்து சீல் வச்சி எடுத்திருக்கணும். என்னோட கணிப்பு, இது கோர்ட்டுக்கு போயிருந்தா நம்ம பக்கம் பாதி, அவரு பக்கம் பாதிதான். போகவும் வழி இல்ல. இங்க கேஸ் போட்டு ஜெயிச்சாலும் நம்ம தீர்ப்ப நேரா அமல்படுத்த நெதர்லாந்தோட ஒப்பந்தம் கெடையாது, அத வச்சி அங்க நேரா பணம் வசூலிக்க முடியாது. ஆர்பிட்ரேஷன் தீர்ப்புன்னா 1958ஆம் வருஷ நியூயார்க் ஒப்பந்தத்துல ரெண்டு நாடும் இருக்கு, அது செல்லும். ஆனா அதுக்கு ஒரு வரி எழுதி வச்சிருக்கணும். 7,728 டாலருக்காக அங்க வக்கீல் வைக்கவா?

மூணாவது அடிதான் பெருசு

ஜூன் 5ஆம் தேதி லைன் ஏஜென்ட்டுகிட்ட இருந்து மெயில், ஃப்ரீ டைம் (பெட்டி இலவசமா நிக்கிற நாளு) முடிஞ்சாச்சு, டெமரேஜ் (அதுக்கு மேல நிக்கிறதுக்கு காசு) ஓடுது, வாங்குறவரு எடுக்கல, ஷிப்பர் (சரக்கு அனுப்புறவரு) நீங்க கட்டுங்கன்னு. அண்ணனுக்கு கோவம் வந்துட்டு. "எஃப்.ஓ.பிதான போட்டோம், கப்பல்ல ஏறுனதோட எனக்க வேலை முடிஞ்சுது, வாடகையும் அவன் கட்டுறது, கப்பல் ஆளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"ன்னு.

இந்த எடத்துல நெறய பேரு தப்பா புரிஞ்சிருக்காங்க, அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்லுகேன். எஃப்.ஓ.பி, சி.ஐ.எஃப்னு இந்த 11 இன்கோடெர்ம்சும் (சர்வதேச யாவார விதிச் சொல்லு) விக்கிறவருக்கும் வாங்குறவருக்கும் நடுவுல உள்ள பேச்சு. செலவு யாரு, ஆபத்து எங்க கைமாறுது, அவ்வளவுதான். லைனுக்கு அதுல ஒரு கட்டுப்பாடும் கெடையாது. லைனோட உள்ள ஒப்பந்தம் பி.எல் (பில் ஆஃப் லேடிங், கப்பல் ரசீது), அதுல ஷிப்பர்னு இருக்கது அண்ணன் பேரு. பி.எல் பின்பக்கம் பொடி எழுத்துல "மெர்ச்சன்ட்"னு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் போட்டிருப்பாங்க, ஷிப்பர், கன்சைனி (சரக்கு போய் சேர வேண்டியவரு), பி.எல் கையில வச்சிருக்கவரு எல்லாரும் அதுல அடக்கம், எல்லாரும் சேந்தும் தனித்தனியாவும் பொறுப்பு. கன்சைனி வரலன்னா லைன் ஷிப்பர் கழுத்தத்தான் பிடிக்கும். அன்னைக்கு நான் அந்தப் பின்பக்கத்த ஜெராக்ஸ் கடையில பெருசாக்கி எடுத்துட்டு வந்து அண்ணனுக்கு வரி வரியா தமிழ்ல சொன்னேன். அவரு அதுவரைக்கும் அந்தப் பக்கத்த திருப்பிப் பாத்ததே இல்ல. இன்னொண்ணு, கன்டெய்னர் சரக்கு யார்டுலயே ஒப்படைச்சிடுறோம், கப்பல் பக்கம் நாம போறதே இல்ல, அதனால எஃப்.ஓ.பிய விட எஃப்.சி.ஏதான் (லைன்கிட்ட ஒப்படைச்சதோட பொறுப்பு கைமாறுற விதி) சரிவரும்னு இன்கோடெர்ம்ஸ் 2020 புஸ்தகமே சொல்லுது, நம்ம ஊர்ல இன்னும் பழக்கத்துல எஃப்.ஓ.பின்னே எழுதுறோம்.

அப்ப சில பேரு அண்ணன்கிட்ட "விட்டுருங்க அண்ணாச்சி, போனது போட்டும், அந்தப் பெட்டிய அவங்களே வித்துக்கட்டும்"ன்னு யோசனை சொன்னாங்க. அதக் கேட்டிருந்தா இன்னும் மாட்டியிருப்பாரு. சரக்க விட்டாலும் டெமரேஜ் நிக்காது, பில்லு ஷிப்பர் பேருலதான் வளரும். லைன் ஏஜென்ட்டு அடுத்த புக்கிங் தர மாட்டேன்னு ஏற்கனவே சொல்லிட்டாங்க. அதுக்கு மேல ஃபெமா இருக்கு. 1999ஆம் வருஷ அந்நியச் செலாவணிச் சட்டம், ஏத்துமதி பண்ணுன சரக்கோட முழுப் பணமும் குறிச்ச காலத்துக்குள்ள பேங்கு வழியா உள்ள வரணும், அப்ப அது 9 மாசம். நம்ம ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் ரிசர்வ் பேங்கோட இ.டி.பி.எம்.எஸ்ங்குற கம்ப்யூட்டர் கணக்குல ஏறிடும், பணம் வந்து பொருந்துற வரைக்கும் அந்த என்ட்ரி தெறந்தே கெடக்கும். மீறுனா 13ஆவது பிரிவுல சம்பந்தப்பட்ட தொகைக்கு 3 மடங்கு வரைக்கும் அபராதம். வாங்குனவன் ஏமாத்திட்டான்னு சொன்னாலும் நீ பணத்த வாங்க என்ன முயற்சி எடுத்தன்னு காட்டணும். ரோட்டெப் சலுகையும் (ஏத்துமதிக்கு அரசு திருப்பிக் குடுக்கிற வரி) பணம் வந்தாத்தான் நெலைக்கும், ஜி.எஸ்.டி ரீஃபண்டு வாங்கியிருந்தா அதையும் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க.

திருப்பிக் கொண்டு வந்துடலாமான்னும் பாத்தோம். கஸ்டம்ஸ் 45/2017 நோட்டிபிகேஷன்ல 3 வருஷத்துக்குள்ள அதே சரக்கு திரும்பி வந்தா, வாங்குன சலுகைகள திருப்பிக் குடுத்துட்டு டூட்டி இல்லாம எடுக்கலாம். வழி இருக்கு, ஆனா 2 பெட்டிக்கு வாடகை குடுத்து சோத்த ஈத்தாமொழிக்கே கொண்டு வாறதுக்கு அந்தச் சரக்கு தாங்காது.

இன்சூரன்சும் கெடையாது. இ.சி.ஜி.சி (ஏத்துமதி கடன் இன்சூரன்ஸ்) பாலிசி எடுத்திருந்தா கூட இந்த எடத்துல உடனே ஒதவியிருக்காது, வாங்குறவரு தரத்துல தகராறு எழுப்புனா அது தீந்து நம்ம பக்கம் முடிவாகுற வரைக்கும் கிளெய்ம் நிக்கும்.

எப்படி வெளிய வந்தோம்

அண்ணன் ஒரே ஒரு காரியத்த நல்லா செஞ்சிருந்தாரு, அதுதான் காப்பாத்துச்சு. பி.எல்ல கன்சைனி எடத்துல வாங்குறவரு பேரு போடாம "டு ஆர்டர்"னு போட்டிருந்தோம், 3 ஒரிஜினலும் அங்க உள்ள பேங்குலதான் இருந்துச்சு. வாங்குறவரு பேருலயே நேரா போட்டிருந்தா அவரோட சம்மதம் இல்லாம சரக்க வேற ஆளுக்கு குடுக்க ரொம்ப செரமம், அட்வான்ச திருப்பிக் குடுத்தாத்தான் கையெழுத்து போடுவேன்னு பிடிச்சு வச்சிருப்பாரு.

ரிசர்வ் பேங்கு விதியில, வாங்குறவரு கைவிரிச்சிட்டா வேற ஆளுக்கு விக்கலாம், மதிப்பு 25 சதவீதத்துக்கு மேல கொறையக் கூடாது, பணம் கெடுவுக்குள்ள வரணும், இதுக்கு ரிசர்வ் பேங்குல முன்கூட்டி அனுமதி வேண்டாம். ஃபார்வர்டர் மூலமா பெல்ஜியத்துல ஒருத்தர் கெடச்சாரு, அவருக்கு தோட்டத்து மண்ணுல கலக்கத்தான் வேணும், ஈ.சி 1.3ன்னு லேப் ரிப்போர்ட்டையே அனுப்பி, தெரிஞ்சே வாங்குகேன்னு எழுதி வாங்கிட்டோம். இந்த மொறை ஒப்பந்தம் 4 பக்கம், சோதனை முறை, சட்டம், ஆர்பிட்ரேஷன் எல்லாம் இருந்துச்சு. டன்னுக்கு 185 டாலர், 48 டன்னுக்கு 8,880. 20 சதவீதத்துக்குள்ளதான் கொறவு, பேங்கு ஒத்துக்கிட்டுச்சு. ஜூன் 30 பேச்சு முடிஞ்சு, ஜூலை 7 பெட்டி கை மாறி, ஜூலை 24 பணம் வந்துச்சு.

டெமரேஜ், டிடென்ஷன் (பெட்டிய லேட்டா திருப்புறதுக்கு காசு), பேலட்டு மாத்துனது, மரம் எரிச்சது எல்லாம் சேத்து பில்லு 6,150 யூரோ. லைன்கிட்ட மன்றாடி, பாதி நாளு அரசு சோதனையில போனத காட்டி, 4,300ல முடிச்சோம். பழைய ஆளுகிட்ட நான் அந்த ரெண்டு கிளாசு போட்டோவ அனுப்பி, ரெண்டு முறையிலயும் வந்த நம்பர எழுதி, இதுல உங்களுக்கும் பங்கு இருக்குன்னு சொன்னேன். 3 வாரம் இழுத்தாரு, கடைசியில அட்வான்சுல பாதி, 1,656 டாலர் திருப்பிக் குடுத்தா போதும், இனி ஒருத்தருக்கொருத்தர் பாக்கி இல்லன்னு கடிதம் குடுத்தாரு. அந்தக் கடிதம் பேங்குக்கும் வேண்டியிருந்துச்சு. எல்லாம் கழிச்சி அண்ணன் கையில நின்னது 5,850 டாலர் கிட்ட. வர வேண்டியது 11,040. நம்ம பணத்துல சுமார் 4.25 லட்சம் போச்சு, களத்துல வெயில்ல சோறு கெளறுன பொம்பளைகளுக்கு கூலி குடுத்த பெறவு மிஞ்ச வேண்டிய காசு அது.

எறக்குமதி பண்றவங்களுக்கும் இதே கததான், பக்கம் மட்டும் மாறும். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீசு (முந்திரி ஆலை) வச்சிருக்க ரெண்டு மூணு பேரு ஆப்பிரிக்காவுல இருந்து தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) எறக்குறாங்க, அவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: கப்பல் வாறதுக்கு மொத நாளே பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்சுக்கு குடுக்கிற எறக்குமதி பேப்பரு) போடணும், அந்த மொத நாளு லீவா இருந்தாலும் சரி, 2021ல இருந்து அப்படித்தான். லேட்டானா மொத 3 நாளைக்கு தெனம் 5,000, அதுக்கு மேல தெனம் 10,000 ரூபா. 30 நாளுக்குள்ள எடுக்கலன்னா கஸ்டம்ஸ் சட்டம் 48ஆவது பிரிவுல நோட்டீஸ் குடுத்து சரக்க வித்துடலாம். 17ஆவது பிரிவுப்படி டூட்டிய கணக்குப் போடுறது நீங்கதான், அதிகாரி இல்ல, கொறச்சி கட்டிட்டா 28ஆவது பிரிவுல பொதுவா 2 வருஷம், மறைச்சதுன்னு தெரிஞ்சா 5 வருஷம் வரைக்கும் பின்னால வந்து கேப்பாங்க. அதனால பேப்பர 5 வருஷம் பத்திரமா வைங்க, ஆலையில மழைத் தண்ணி ஒழுகாத எடத்துல.

அண்ணன் இப்ப கழுவுறதுக்கு உள்பக்கத்துல இருந்து டேங்கர்ல தண்ணி எடுக்காரு, செலவு கூடுதல்தான். நோட்டுல ரெண்டு கட்டம் போட்டிருக்காரு, 1க்கு 5 ஒண்ணு, 1க்கு 1.5 ஒண்ணு. ஒவ்வொரு லாட்டுலயும் 6 கட்டி சீல் வச்சி ஒரு வருஷம் வைக்காரு. நான் பேலட்டு ஒவ்வொண்ணோட முத்திரை போட்டோவும் வராம பேக்கிங் லிஸ்ட அடிக்கது இல்ல.

போன அக்டோபர்ல ஒரு நாளு, மழை வேற, ராத்திரி 9 மணிக்கு லோடிங். நானும் போயிருந்தேன். அண்ணன் கையில டார்ச்ச வச்சிக்கிட்டு ஒவ்வொரு பேலட்டா குனிஞ்சி பாத்துட்டே வாறாரு, 17ஆவதுல நின்னுட்டாரு. முத்திரை இருக்கு, ஆனா பாதி அழிஞ்சி நம்பர் வாசிக்க முடியல. அடுத்ததும் அப்படி, அதுக்கு அடுத்ததும். டிரைவர் "அண்ணாச்சி, இப்ப கெளம்பலன்னா கட் ஆஃப் கெடைக்காது, இந்தச் சின்ன அழுக்க எவன் பாக்கப் போறான்"னாரு. அண்ணன் 3 பேலட்டையும் எறக்கச் சொன்னாரு. வண்டி காலையிலதான் போச்சு, அந்தக் கப்பல் தவறி அடுத்த வாரக் கப்பல்ல போட்டோம், மாத்துன செலவு 11,000 ரூபா, அத அவரே கட்டுனாரு.